பறிப்பதும் பொறுக்குவதும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். இந்த வாரம் பழங்களை ‘பிக் அப்’ செய்தோம் என்று ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பினேன். “அத்தனை பழமும் உதிர்ந்துவிட்டதா?” என்று முதலாளி பதறிப்போய்க் கேட்டார். அகராதியைப் பார்த்தால் அந்தத் தொடருக்குப் பத்துப் பொருள் இருக்கிறது. எப்படி மனப்பாடம் செய்வது?

வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

மனப்பாடம் வேண்டாம். உங்கள் முதலாளி பதறியது நியாயம்தான். செடியிலிருந்து பறித்தால் ‘பிக்’. தரையில் கிடப்பதைக் குனிந்து எடுத்தால் ‘பிக் அப்’. உங்கள் தோட்டத்திலேயே இவை இரண்டும் தனித்தனி வேலைகள். மார்கழிக் குளிரில் இடுப்பில் பை கட்டிய பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பார்கள். பறிப்பு முடிந்தபின் அதே செடியடியில் சருகை விலக்கி, உதிர்ந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். விட்டுவைத்தால் காய்த்துளைப்பான் வண்டு அதற்குள் தங்கி அடுத்த காய்ப்பைக் கெடுத்துவிடும். நமக்குப் பறி, பொறுக்கு என்று இரண்டு சொற்கள். ஆங்கிலத்துக்கு அந்த ‘அப்’ போதும்.

மற்ற பொருள்களுக்கு எடு, பிடி என்ற இரண்டு வினைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுத்தார். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் சேர்ந்ததும் பஸ் வேகம் எடுத்தது. பொங்கல் நெருங்க, செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் வியாபாரம் சூடுபிடித்தது. எல்லாம் ‘பிக் அப்’தான். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர் யாரும் சொல்லித்தராமல், கேட்டுக் கேட்டே தமிழைப் பிடித்துக்கொண்டார் என்றால் அதுவும் இதில் சேரும். வகுப்பில் உட்கார்ந்து முறையாகப் படித்ததற்கு இந்தச் சொல் பொருந்தாது.

சளியில்தான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய் அதை எடுத்து வருகிறோம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

சேலம் ஜங்ஷனில் இறங்குபவரை வண்டியில் அழைத்து வருவது இந்த இரண்டு வினைகளிலும் அடங்காது. அதைத் தனியாக நினைவில் வையுங்கள். இன்னொன்று: ‘இட்’, ‘ஹிம்’ போன்ற சொற்கள் வந்தால் நடுவில்தான் உட்காரும். ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ தவறு. பழம், பை என்று பெயரையே சொன்னால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.

அடுத்த அறிக்கையில் ‘பிக்டு’ என்று மட்டும் எழுதுங்கள். செடியடியில் பொறுக்கும் வாரம் வரும்போது ‘அப்’ சேர்த்துக்கொள்ளலாம்.