தம்பி ஐசியூவில், வீட்டில் இருக்கும் அக்காவிடம் என்ன சொல்வது?

கேள்வி: என் இளைய மகனுக்கு 5 வயது. டெங்கு ஷாக் (டெங்குவில் ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைவது) என்று குழந்தைகள் ஐசியூவில் சேர்த்து இன்று ஆறாவது நாள். மூன்று நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறான். நானும் கணவரும் மருத்துவமனையிலேயே கிடக்கிறோம். 8 வயது மகளும் 15 வயது மூத்த மகனும் ஆச்சி வீட்டில் இருக்கிறார்கள். "தம்பி ஊசி போட்டுத் தூங்குறான்" என்று மட்டும்தான் மகளிடம் சொல்லியிருக்கிறோம். இப்போது அவள் இரவில் தூங்க மறுக்கிறாள். இரண்டு நாள் படுக்கையை நனைத்துவிட்டாள். தினமும் காலையில் வயிறு வலி என்கிறாள். தம்பிக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு நாலு நாள் முன்பு அவளுக்குச் சளிக்காய்ச்சல் இருந்தது. "என் காய்ச்சல்தான் தம்பிக்கு ஒட்டிக்கிச்சா ஆச்சி?" என்று கேட்டாளாம். மூத்தவன் எதுவும் கேட்பதில்லை, சமத்தாக இருக்கிறான். மகளை ஐசியூவுக்குள் கூட்டிப் போகலாமா? பார்த்தால் பயந்துவிட மாட்டாளா?

பதில்: கூட்டிப் போகலாம், தயார்படுத்திய பிறகு. ஆனால் அதற்கு முன்பே, இன்று மாலையே, செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "தூங்குறான்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் மகள் தூங்க மறுப்பதற்கு அந்தச் சொல்லே காரணமாக இருக்கலாம். தூங்கப் போன தம்பி ஆறு நாளாக எழுந்திருக்கவில்லை, அம்மாவும் வீடு திரும்பவில்லை என்றால், எட்டு வயதுக் கணக்குப்படி தூக்கம் ஆபத்தானது. இப்படிச் சொல்லுங்கள்: "தம்பிக்கு மூச்சுக்கு உதவ வாயில ஒரு குழாய் வச்சிருக்காங்க. அது உறுத்தக் கூடாதுன்னு மருந்து கொடுத்து மயக்கி வச்சிருக்காங்க. நாம ராத்திரி தூங்குறது வேற, இது வேற. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு அவங்களே முழிக்க வைப்பாங்க."

அடுத்தது அந்த ஒட்டிக்கொண்ட காய்ச்சல். ஏழெட்டு வயது வரை குழந்தைகள் தாங்கள் நினைத்தது, சொன்னது, செய்தது எல்லாம் உலகத்தில் நடப்பதற்குக் காரணம் என்று நம்புவார்கள். போன மாதம் பென்சிலுக்காகத் தம்பியை அடித்தது, "நீ செத்துப் போ" என்று கோபத்தில் சொன்னது, இதெல்லாம் இப்போது அவள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மகள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், அது நல்லது. பல குழந்தைகள் கேட்பதே இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ" என்று மழுப்பாமல் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். டெங்கு தொட்டாலோ, தும்மினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால்தான் பரவுகிறது. அவளுக்கு வந்தது டெங்குவாகவே இருந்திருந்தாலும் கணக்கு ஒத்துவராது. கொசுவுக்குள் போன கிருமி அது அடுத்தவரைக் கடித்துப் பரப்பும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாள். நாலு நாள் இடைவெளியில் அக்காவிடமிருந்து தம்பிக்கு வர வழியே இல்லை. அவளிடம் இவ்வளவு கணக்கு வேண்டாம். "உன் சளிக்கும் தம்பி டெங்குவுக்கும் சம்பந்தமே இல்ல. கொசுதான் காரணம். நீ செஞ்சது, சொன்னது எதனாலயும் இது வரல" என்பது போதும். ஆனால் ஒருமுறை சொன்னால் போதாது, பல நாள் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

"எனக்கும் வருமா?" என்பது அடுத்து வரும். அதே வீட்டில் அதே கொசு இருப்பதால் வராது என்று சத்தியம் செய்ய முடியாது. பதிலாக ஒரு வேலை கொடுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கவிழ்த்தால் சங்கிலி அறுபடும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தொட்டி மூடி இவற்றைப் பார்த்து ஆச்சியிடம் சொல்வது அவள் பொறுப்பு. கையில் ஒரு வேலை இருக்கும் குழந்தைக்கு நடுக்கம் குறையும்.

"தம்பி செத்துடுவானா?" என்று கேட்டால் "வாயைக் கழுவு" என்று யாரும் அதட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நிச்சயம் வந்துடுவான்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். "அவனுக்கு ரொம்ப முடியாமத்தான் இருக்கு. டாக்டர், நர்ஸ் எல்லாரும் ராத்திரி பகலாப் பக்கத்திலேயே இருந்து சரியாக்கப் பாக்குறாங்க. ஏதாவது மாறினா அம்மா உன்கிட்ட மறைக்காமச் சொல்லுவேன்" என்பது உண்மையும்கூட, ஆறுதலும்கூட. அந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். வீட்டில் பெரியவர்கள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசுவதை இந்தக் குழந்தைகள் கவனிக்காமல் இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் நிஜத்தைவிடப் பயங்கரமாக.

இனி ஐசியூ. 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று பல இடங்களில் பலகை இருக்கும். பலகையோடு நின்றுவிடாமல் டியூட்டி டாக்டரிடமும் பொறுப்பு சிஸ்டரிடமும் கேளுங்கள். கூடப்பிறந்தவர்களுக்குப் பத்து நிமிடம் தரும் இடங்கள் உண்டு. அவர்கள் யோசிப்பது தொற்றை. எனவே நீங்களே முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்: மகளுக்குக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. கடந்த 21 நாளில் அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாது. சளி முழுதாக விட்டிருக்கவேண்டும். உள்ளே போகுமுன் சோப்பு போட்டு 40 முதல் 60 நொடி கை கழுவவேண்டும். இதை வீட்டிலேயே பழக்குங்கள்.

போவதற்கு முதல் நாள் போட்டோ காட்டுங்கள். மருத்துவமனையிடம் கேட்டு, பக்கத்துப் படுக்கை விழாமல் எடுங்கள். முதலில் கை மட்டும், பிறகு மிஷின், கடைசியாக முகம். (அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவேண்டாம். சித்தப்பா போடும் அழுகை பொம்மைகளை மூத்தவனும் பார்ப்பான்.)

ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விளக்குங்கள். தம்பியின் முகமும் கண் இமையும் வயிறும் வீங்கியிருக்கும். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, அதை ஈடுகட்ட டிரிப்ஸ் ஏற்றுகிறோம், அந்த நீர் உடம்பில் தேங்கி நிற்கிறது. அவளுக்கு: "உடம்புல தண்ணி கோத்திருக்கு. தேறத் தேற ஒண்ணுக்கு வழியா வெளிய போயிடும்." வாயில் இருக்கும் குழாய் குரல்வளை வழியாகப் போவதால் முழித்தாலும் சத்தம் வராது, அழுதாலும் கேட்காது. இதைச் சொல்லாமல் விட்டால் தம்பி தன்னோடு கோபமாக இருக்கிறான் என்று நினைப்பாள். விரலில் சிவப்பாக எரியும் கிளிப் ஆக்சிஜன் அளவு பார்ப்பது, சுடாது. கை துணியால் கட்டப்பட்டிருந்தால், அது குழாயை இழுத்துவிடாமல் இருக்க, அடம் பிடித்ததற்கான தண்டனை அல்ல. இந்தக் கட்டுதான் குழந்தைகளை உலுக்கும், குழாய்கூட அவ்வளவு இல்லை. அலாரம் அடிக்கடி அடிக்கும். கிளிப் நழுவினாலும் அடிக்கும், இருமினாலும் அடிக்கும். திரையைப் பார்க்காமல் நர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நிதானமாக இருந்தால் அது சாதாரணச் சத்தம்.

நேரம் பார்த்துப் போங்கள். நர்ஸ்கள் டியூட்டி மாறும் நேரம், ரவுண்ட்ஸ் நேரம், சளி உறிஞ்சும் நேரம் வேண்டாம். பக்கத்துப் படுக்கையில் யாருக்காவது நிலைமை மோசமாக இருந்தால் அன்று தள்ளிப்போடுங்கள். அவளுக்கென்றே ஒரு பெரியவர் கூட வரவேண்டும், தம்பியைப் பார்த்ததும் உடைந்து அழாத ஒருவர். அப்பாவால் முடியாது என்றால் அத்தை வரட்டும். அவள் திரும்பிப் போகவேண்டும் என்றால் அரை நிமிடத்தில்கூட வெளியே கூட்டி வர அவர் தயாராக இருக்கவேண்டும். ஊசி இல்லாத கையையோ பாதத்தையோ காட்டி, தொடலாம் என்று சொல்லுங்கள். தொட்டே ஆகவேண்டும் என்றில்லை. அவள் வரைந்த படத்தைத் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கவரில் போட்டுப் படுக்கையருகே ஒட்டலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். வெளியே வந்ததும் "பயந்தியா?" என்று கேட்காமல் "என்ன பாத்த?" என்று கேளுங்கள். அவள் தப்பாகப் புரிந்துகொண்டது அதில் தெரிந்துவிடும்.

வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். "உனக்குத் தம்பி மேல பாசமே இல்லையா?" என்ற கேள்வி பல வருடம் கூட வரும். கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம், இரண்டு நிமிட வீடியோ அழைப்பு போதும், அல்லது ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். மயக்க மருந்து குறையும்போது பழகிய குரல் அவனுக்கும் நல்லது.

வயிற்று வலி, படுக்கை நனைதல் இரண்டும் இப்படிப்பட்ட நாட்களில் சகஜம். ஆனாலும் எல்லாவற்றையும் மனதின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சல் சேர்ந்தால், வாந்தி நிற்காவிட்டால், வலி விடாமல் இருந்தால் அதே நாளில் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவிலும் வயிறு வலிக்கும். எதுவும் இல்லை, பள்ளி நேரம் தாண்டினால் வலி போய்விடுகிறது என்றால் அது பிரிவின் வலி. விரிப்பைச் சத்தமில்லாமல் மாற்றுங்கள். திட்டோ, உறவினர் முன் கேலியோ கூடாது. பள்ளிக்கு அனுப்புங்கள், வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

அவளுக்கு மருந்து நீங்கள்தான். ஐசியூ வாசலில் இரவு ஒருவர் இருந்தால் போதும். ஒருநாள் நீங்கள், ஒருநாள் கணவர் என்று வீட்டில் படுங்கள். படுக்கும்போது இருபது நிமிடம், போனை அணைத்துவிட்டு, அவளோடு மட்டும். வர முடியாத நாளில் ஏழரை மணிக்கு என்றால் ஏழரைக்கே அழையுங்கள். எட்டு மணி அழைப்பு அவளுக்கு அரைமணி நேரப் பீதி.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மூத்தவனைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி. சமத்தாக இருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. 15 வயதுப் பையன் நள்ளிரவில் டெங்கு ஷாக் பற்றி யூடியூபில் பார்த்துக்கொண்டிருப்பான். பில் பற்றி நீங்கள் பேசியது அவன் காதில் விழுந்திருக்கும். தன் பள்ளிக் கட்டணத்தைச் சொல்லலாமா என்று யோசிப்பான். அவனுக்கு முழு உண்மையைச் சொல்லுங்கள். டாக்டர் பேசும்போது அவனுக்கு விருப்பம் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாப்பாடு கொண்டுவருவது போன்ற ஒரு வேலை கொடுக்கலாம். "இனி நீதான் வீட்டைப் பாத்துக்கணும்" என்று யாரும் சொல்லவேண்டாம். ரத்தம் தேடி அலையவும் விடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் அவன் கொடுக்கவும் முடியாது. எல்லோரும் தம்பியையே பார்க்கிறார்கள் என்ற எரிச்சலும் வரும். அது கெட்ட புத்தி அல்ல, அவனிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

தம்பி வீடு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடாது. ஐசியூவுக்குப் பிறகான பாதிப்புகள் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்தே வருவதாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைத் துறை 2018 முதல் வரையறுத்துப் பேசுகிறது. தேறி வரும் குழந்தை நடுராத்திரியில் அலறும், ஒட்டிக்கொள்ளும். கேட்டதெல்லாம் அவனுக்குக் கிடைக்கும். அக்கா ஒருநாள் பொறாமைப்படுவாள், மறுநாள் எழுந்துபோய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பாள். பழைய வீட்டு விதிகளைச் சீக்கிரமே இருவருக்கும் பொதுவாக்குங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, மருத்துவமனை காட்சியையே திரும்பத் திரும்ப விளையாடுவது தொடர்ந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மூத்தவன் உயிரை விடுவதாகப் பேசினால் ஒரு மாதம் காத்திருக்கவேண்டாம், அன்றே. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.