முதல் வரியில் மாணிக்கம் வரட்டும்

அன்புள்ள அண்ணா,

எனக்குக் காவேரிப்பட்டணம். மாங்கூழ் ஃபேக்டரிக்குக் காய் போடும் ஒரு விவசாயியைப் பற்றி நாவல் எழுதினேன். பெங்களூரில் இருக்கும் தோழி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். இலக்கிய முகவர்கள் ஏழு பேருக்குக் கடிதம் அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. ஆறு பேரிடமிருந்து பதிலே இல்லை, ஒருவர் படித்துப் பார்க்கப் பணம் கேட்கிறார். அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

அன்புள்ள தம்பி,

பணம் கேட்டவரை முதலில் விட்டுவிடுங்கள். ஒழுங்கான முகவர் படிப்பதற்குக் காசு வாங்கமாட்டார். புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தபிறகு உங்களுக்கு வரும் தொகையில் கமிஷன் எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம். அதியமான் ஆண்ட தகடூர் என்று தொடங்கி முதல் பக்கம் முழுக்க வரலாறு, அடுத்த பக்கம் விவசாயிகளின் நிலை, நீங்கள் கவிதைக்கு வாங்கிய பரிசுகள், இதெல்லாம் தாண்டி மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் உங்கள் நாவலின் விவசாயி மாணிக்கம் வருகிறார். பெங்களூரா ரக மாங்காயை டிராக்டரில் ஏற்றிவந்து ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே இரண்டு ராத்திரியாக வரிசையில் நிற்கிறார், அடியில் கிடக்கும் காய் கனிந்து சாறு கசிந்து சக்கரத்தில் வழிகிறது, டன்னுக்கு என்ன விலை என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை, திரும்பிப் போகலாமென்றால் டிராக்டர் வாடகைக்கே கையில் காசில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது தம்பி. இதுதான் உங்கள் கடிதம், இதையா மூன்றாம் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது? முகவர் அதுவரை வந்திருக்கவே மாட்டார்.

மொத்தமே ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில் 300 சொல் அளவுக்கு. ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார். முடிவைச் சொல்லாதீர்கள், கதைச்சுருக்கம் தனியாகக் கேட்டால் அதில் முடிவோடு எழுதலாம். 'உலகத் தரமான நாவல்' என்ற வரி வேண்டவே வேண்டாம். எட்டு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்ததாகக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை உங்களைப் பற்றிய பத்தியின் முதல் வரியாக வையுங்கள்.

இது மொழிபெயர்ப்பு என்றே எங்கும் சொல்லவில்லை, அது பெரிய குறை. தோழியின் பெயர், ஆங்கில உரிமை யாரிடம் இருக்கிறது, தமிழில் வெளிவந்துவிட்டதா, மூன்றும் வேண்டும். சொல் எண்ணிக்கை ஆங்கிலப் பிரதியுடையதாக இருக்கட்டும். நம்முடைய 'வந்துகொண்டிருந்தவனிடம்' அங்கே ஐந்தாறு சொல்லாகிவிடும்.

அப்புறம், ஏழு பேரின் முகவரியும் வெளியே தெரிய ஒரே மெயில், மேலே 'டியர் சார் / மேடம்'. ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்புவது தப்பில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி மெயில், பெயர் போட்டு. இந்திய மொழி நாவல்களை எடுப்பவரா, கேட்பது முதல் பத்துப் பக்கமா மூன்று அத்தியாயமா என்று அவரவர் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

தமிழ்ப் பிரதிக்கு முகவர் தேவையில்லை, பதிப்பகத்துக்கு நேராகவே எழுதலாம். அந்தக் கடிதத்திலும் டிராக்டர்தான் முதலில் வரவேண்டும். திருத்தியதை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக்கு பஸ் ஏறிவிடுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.