விழித்துக்கொள்ளும் குழந்தை – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு ஒன்றரை வயது. இரவில் நான்கைந்து முறை எழுந்து அழுகிறான். தாய்ப்பால் கொடுத்தால்தான், அல்லது தூளியில் போட்டு ஆட்டினால்தான் மறுபடி தூங்குகிறான். காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். தனியே படுக்கவைத்து அழவிட்டால் மூன்றே நாளில் பழகிவிடுவான் என்கிறாள் தோழி. பிள்ளையை யாராவது அழவிடுவார்களா என்று மாமியார் கோபிக்கிறார். கொஞ்சம் சளி மருந்து கொடு, அசந்து தூங்குவான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். என்ன செய்வது?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

முதலில் அந்தச் சளி மருந்து. தூக்கம் வருவதற்காக ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். மயக்கம் தரும் சிரப்புகள் சிறு குழந்தைகளின் மூச்சையே மந்தப்படுத்தக் கூடியவை.

உங்கள் மகன் விழிப்பதில் குறை ஒன்றும் இல்லை. தூக்கம் சுற்றுச் சுற்றாக வருவது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சிறு குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோருக்கும் லேசாக விழிப்புத் தட்டும். நாம் புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் அது நினைவிலும் இருப்பதில்லை. அவனோ வாயில் பாலோடும் தூளியின் ஆட்டத்தோடும் கண்ணயர்ந்தவன். விழிக்கும்போது இரண்டும் இல்லை. வீட்டுக்குள் படுத்த நாம் நடுத்தெருவில் கண்விழித்தால் அலற மாட்டோமா?

ஆகவே இரவு இரண்டு மணியோடு போராடுவதை விட்டுவிட்டு, இரவு எட்டரைக்கு அவனைத் தூங்கவைக்கும் விதத்தை மாற்றுங்கள். விழிக்கும்போது என்ன இருக்குமோ, அதோடு மட்டுமே அவன் தூங்கத் தொடங்க வேண்டும். பாலைச் சற்று முன்னதாக, விளக்கு வெளிச்சத்தில், உட்கார்ந்து கொடுங்கள். பிறகு பல்லைத் துடைத்துவிடுங்கள். பல் முளைத்தபின் இரவு முழுக்க வாயில் பால் இருப்பது சொத்தைக்கு வழி. அப்புறம் விளக்கை அணைத்து, விழித்திருக்கும்போதே பாயில் கிடத்தி, பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிக்கொடுங்கள். தாலாட்டுத் தெரிந்தால் பாடுங்கள், தினமும் அதே பாட்டு. தூளியை இனிக் கழற்றிவிடலாம். இந்த வயதில் அதற்குள் எழுந்து நிற்கப் பார்ப்பான், தலைகுப்புற விழுவான். கட்டியிருந்த அந்தப் பழைய சேலையையே நாலாக மடித்துப் பாயின்மேல் விரித்துவிடுங்கள். உங்கள் வாசம் அதில் இருக்கிறது.

அழுவான். பழகியதை மாற்றும்போது அழாத பிள்ளை இல்லை. ஆனால் பக்கத்தில் ஆளிருக்க அழுவதும், மூடிய கதவுக்குப் பின்னால் அழுவதும் ஒன்றல்ல. கூடவே உட்கார்ந்திருந்து, சில நாளுக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்காரும் முறை ஒன்று உண்டு. மெல்போர்னில் இதையும், இடைவெளி விட்டுப் போய்ச் சமாதானப்படுத்தும் முறையையும் கைக்குழந்தைகளின் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தபோது, மனநலத்திலும் பெற்றோரோடு உள்ள நெருக்கத்திலும் கேடு எதுவும் தெரியவில்லை. ஆய்வு வெளிவந்தது 2012இல். உங்கள் வீட்டுக்கு முதல் முறையே ஒத்துவரும். மாமியாருக்கும் அதில் மனக்குறை இராது.

நள்ளிரவில் உங்கள் கணவர் எழட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் அருகே போனால் பால் வாசனைக்கே அவன் விடமாட்டான். அப்பா தட்டிக்கொடுத்தால் பால் கேட்க வழி இல்லை. உங்கள் ஒருவரின் தூக்கத்தைப் பறித்துக் குடும்பமே தூங்குவது நியாயமும் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பகலில் நன்றாகச் சாப்பிட்டு, எடையும் சரியாக ஏறும் ஒன்றரை வயதுப் பிள்ளை இரவில் நான்கு முறை பால் கேட்பது பசியால் அல்ல. காம்பில் வேப்பெண்ணெய் தடவி ஏமாற்றும் வேலையும் வேண்டாம்.

பகலையும் கவனியுங்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அந்த நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு. பாட்டியிடம் மாலை ஐந்து வரை தூங்கினால் எட்டரைக்கு எங்கே தூக்கம் வரும்? மூன்று, மூன்றரைக்கு எழுப்பிவிடச் சொல்லுங்கள். சோறு ஊட்டும்போது செல்போன் காட்டாமல் இருக்கவும், பூச்சாண்டி வருகிறான் என்று மிரட்டித் தூங்கவைக்காமல் இருக்கவும் வீட்டில் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். ஒருவர் மாற்றிச் செய்தாலும் பிள்ளை குழம்பிப்போவான். இடையில் காய்ச்சலோ கடைவாய்ப்பல் முளைக்கும் வலியோ வந்தால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடியில் போட்டுக்கொள்ளுங்கள். தேறியபின் மறுபடி தொடங்கலாம்.

தொடங்குமுன் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளைகள் இரவெல்லாம் புரளும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தூங்கும்போது வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, குறட்டை வருகிறதா என்றும் பார்த்து அவரிடம் சொல்லுங்கள். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் எந்தப் பழக்கத்தாலும் தூக்கம் சரியாகாது, வைத்தியம்தான் பார்க்க வேண்டும்.