அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தில் துண்டறிக்கைகளும் பிரசாரமும் உண்மையிலேயே வேலை செய்தனவா?

செய்தன. ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அனல் பறக்கும் வாசகங்களால் அல்ல. எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அச்சுக்கோப்பு வழியாகத்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா சின்ன அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கோப்பவர். தேர்தல் நோட்டீஸ் அடிக்கும் சமயத்தில் பெரிய பாயிண்ட் எழுத்துகளில் 'க்' தீர்ந்துவிடும். 'க'வை வைத்து அடித்துவிட்டு, மை காய்ந்ததும் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்வார்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் விடுதலைப் பிரகடனத்தைப் பற்றிப் படித்தபோது சிரித்தேவிட்டேன். டப்ளினில் லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில், ஒரு பழைய மெஷினில், ஏப்ரல் 23 அன்று அச்சானது அது. கிறிஸ்டோபர் பிரேடி மெஷின்மேன். மைக்கேல் மொல்லாய், லியம் ஓ'பிரையன் இருவரும் அச்சுக்கோத்தவர்கள். முழு அறிக்கைக்கும் எழுத்து போதவில்லை. மேல்பாதியைக் கோத்து அடித்துவிட்டு, அதே எழுத்துகளைப் பிரித்துக் கீழ்ப்பாதியைக் கோத்து, அதே தாளை மறுபடி மெஷினில் விட்டார்கள். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'ஈ' எழுத்து தீர்ந்துபோய் வேறு வகை எழுத்தைக் கலந்தார்கள். பெரிய 'ஈ' ஒன்றுக்கு 'எஃப்' எழுத்தை எடுத்து, அடியில் அரக்கு வைத்துக் கோடு இழுத்தார்கள். சுமார் 1,000 பிரதி. மறுநாள் தபால் நிலைய வாசலில் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் அதைப் படித்தார். கீழே பெயர் போட்டிருந்த ஏழு பேரையும் மூன்று வாரத்துக்குள் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்கு முன்பே, சின் ஃபெய்ன் என்ற விடுதலை இயக்கத்தைத் தொடங்கிய பத்திரிகையாளர் ஆர்தர் கிரிஃபித் ஒரு குறும்பு செய்திருந்தார். அவருடைய பத்திரிகையை அரசு முடக்கியதும், 1914 டிசம்பரில் 'கத்தரியும் பசையும்' என்ற பொருள்படும் பெயரில் வேறொன்றைத் தொடங்கினார். மற்ற பத்திரிகைகளில் வந்த செய்திகளை வெட்டி ஒட்டியதுதான் அதன் சரக்கு. தணிக்கைக்காரர் என்ன செய்வார், எல்லாம் ஏற்கெனவே அச்சில் வந்தவை! சரி, சில மாதங்களில் அதையும் மூடிவிட்டார்கள்.

சுவரொட்டியில் எனக்குப் பிடித்தது 1917 மே மாத லாங்ஃபோர்ட் இடைத்தேர்தல். சின் ஃபெய்ன் வேட்பாளர் ஜோ மெக்கின்னஸ் இங்கிலாந்தில் லூயிஸ் சிறையில் இருந்தார். அவர் நிற்க மாட்டேன் என்றே சொல்லியிருந்தார், வெளியே இருந்தவர்கள் கேட்கவில்லை. கைதி உடையில் அவர் படம், கூடவே "உள்ளே அனுப்பினால் வெளியே வருவார்" என்ற பொருளில் ஒரு வரி. உள்ளே என்றால் நாடாளுமன்றம். 37 வாக்கில் ஜெயித்தார்.

ஆனால் முக்கியமான வேலையைச் செய்தது 1919 நவம்பர் 11-இல் விடுதலைத் தரப்பு தொடங்கிய 'ஐரிஷ் புல்லட்டின்' என்ற செய்தி இதழ். பார்க்க ஒரு அலுவலகச் சுற்றறிக்கை போலிருக்கும். ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் ஓட்டிய தாள்கள். முதலில் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும், 1921-இல் அவர் கைதானபின் எர்ஸ்கின் சில்டர்ஸும் ஆசிரியர்கள். ஃபிராங்க் கல்லகர் எழுதுவார், கேத்லீன் மெக்கென்னா டைப் அடிப்பார். ஸ்டென்சில் வெட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு எழுத்து தப்பினால் நெயில் பாலிஷ் வாடை அடிக்கும் திரவத்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் தட்ட வேண்டும். ராணுவ லாரி எப்போது வாசலில் நிற்குமோ என்ற பயத்தோடு, வீடு மாற்றி வீடு மாற்றி, அதை அவர்கள் செய்தார்கள்.

உள்ளே என்ன இருந்தது? பட்டியல். இந்தத் தேதியில் இந்த ஊரில் இந்த வீட்டில் சோதனை, இன்னார் கைது, இந்தக் கடை எரிப்பு. லண்டன் நிருபர்களுக்கும் எம்.பி.க்களுக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் தபாலில் போகும். சந்தேகம் வந்தால் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். அதுதான் அதன் பலம். தன் தரப்பினர் போலீஸ்காரர்களைக் கொன்றதை அதே அக்கறையோடு பட்டியலிட்டார்களா என்றால், இல்லை. பிரசாரம்தானே.

எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய டப்ளின் கோட்டையில் பேசில் கிளார்க் என்ற முன்னாள் நிருபர் தலைமையில் தனித் துறையே இருந்தது. 1920 நவம்பரில் 'டிராலி சண்டை' என்று ஒரு புகைப்படம் லண்டன் பத்திரிகைகளில் வந்தது: சாலையில் விழுந்து கிடக்கும் கிளர்ச்சியாளர்கள், பக்கத்தில் வெற்றி வீரர்கள். டிராலி இருப்பது நாட்டின் மேற்கே கெர்ரியில். படத்தில் இருந்ததோ டப்ளினுக்குப் பக்கத்திலுள்ள விக்கோ சாலை. உள்ளூர்க்காரர்கள் பார்த்த உடனே பிடித்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். 1921 மார்ச் கடைசியில் மோல்ஸ்வொர்த் தெரு அலுவலகத்தில் புல்லட்டினின் டைப்ரைட்டர்களும் சைக்ளோஸ்டைலும் சிக்கின. கோட்டையில் இருந்தவர்கள் அதே இயந்திரங்களில் போலி இதழ் தயாரித்து எம்.பி.க்களுக்கு அனுப்பினார்கள். எழுத்து அச்சு அசல் அதேதான், சரக்கு வேறு. அசல் இதழ் வேறு இயந்திரத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. கன்சர்வேடிவ் எம்.பி. லார்ட் ஹென்றி கேவண்டிஷ் பெண்டிங்க் அவையிலேயே எழுந்து, இந்தப் போலிகளை எனக்கு அனுப்பிக் காசை வீணடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.