கன்ஃபர்ம் வந்தது, மெசேஜ் எங்கே?

கேள்வி: ப்ரோக்ராம்களுக்கு இடையே மெசேஜ் கடத்தும் ராபிட்எம்க்யூ ப்ரோக்கரில், மெசேஜைப் பிரித்து அனுப்பும் டாபிக் எக்ஸ்சேஞ்ச் வைத்து, மெசேஜ் காத்திருக்கும் என் க்யூவை ‘ஆர்டர்.*’ என்று அதோடு பைண்ட் செய்திருக்கிறேன். ‘ஆர்டர்.புதிது’ ஒழுங்காக வருகிறது, ‘ஆர்டர்.புதிது.அவசரம்’ வருவதே இல்லை. எர்ரரும் இல்லை, ப்ரோக்கர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கன்ஃபர்ம் வேறு அனுப்புகிறது. மெசேஜ் எங்கேதான் போகிறது?

பதில்: குப்பைக்கு. இதே நட்சத்திரக் குறியால் ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவன் நான். க்யூவைப் படிக்கும் கன்ஸ்யூமர் கோடில் லாக் மேல் லாக் போட்டுத் தேடினேன். மெசேஜ் அதுவரைக்கும் வந்திருந்தால்தானே!

நீங்கள் அனுப்புவது க்யூவுக்கு அல்ல, எக்ஸ்சேஞ்சுக்கு. அது மெசேஜின் முகவரியான ரூட்டிங் கீயைப் பைண்டிங்குகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் க்யூக்களில் போடும். ‘*’ சரியாக ஒரு சொல்லுக்குத்தான் பொருந்தும். உங்கள் கீயில் ‘ஆர்டர்’ போக இன்னும் இரண்டு சொல் இருக்கிறது. எந்தப் பைண்டிங்கும் பொருந்தாவிட்டால் மெசேஜைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அப்போதும் கன்ஃபர்ம் வரும்! ‘இதற்குப் போக இடமில்லை என்று பார்த்துவிட்டேன், என் வேலை முடிந்தது’ என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம். என்னை ஏமாற்றியதும் இதுதான்.

‘ஆர்டர்.#’ என்று மாற்றுங்கள். ‘#’ எத்தனை சொல்லுக்கும் பொருந்தும், சொல்லே இல்லாவிட்டாலும் பொருந்தும். வெறும் ‘ஆர்டர்’ என்ற கீயும் உள்ளே வரும், பார்த்துக்கொள்ளுங்கள். கோடில் திருத்தினால் பழைய பைண்டிங் தானாகப் போகாது, நீங்கள்தான் அன்பைண்ட் செய்ய வேண்டும். இரண்டும் இருந்தாலும் ஒரே க்யூவுக்கு ஒரு பிரதிதான் போகும் என்பதால் உடனே தெரியாது. பின்னால் ஒருநாள் குழப்பும்.

அப்புறம், அனுப்பும்போது மேண்டேட்டரி கொடி போட்டால் சேராத மெசேஜ் உங்களிடமே திரும்பும். திரும்பியதை வாங்கும் ரிட்டர்ன் லிசனர் எழுத மறந்தால் அதுவும் வீண். நான் ஆல்டர்நேட் எக்ஸ்சேஞ்ச் வைத்து, அநாதை மெசேஜையெல்லாம் தனி க்யூவில் சேர்க்கிறேன். அந்த க்யூவில் ஒன்று விழுந்தாலும் அலாரம் அடிக்கும்.

கேள்வி: பில் போடும் சேவையும் மெயில் அனுப்பும் சேவையும் ஒரே க்யூவைப் படிக்கின்றன. சிலருக்குப் பில் மட்டும் போகிறது, சிலருக்கு மெயில் மட்டும்.

பதில்: ஒரே க்யூவில் இரண்டு கன்ஸ்யூமர் இருந்தால் ஒரு மெசேஜ் ஒருவருக்குத்தான், பங்கு போட்டுக்கொள்வார்கள். சேவைக்கு ஒரு க்யூ வைத்து, இரண்டையும் அதே எக்ஸ்சேஞ்சில் பைண்ட் செய்யுங்கள். ஆளுக்கொரு பிரதி கிடைக்கும்.