1000 வாட் பெட்டிக்குள் 110 வாட்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 8 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் இரண்டு ரேக் போட்டு, ஒன்றில் மைக்ரோகிரீன்ஸ் என்ற இளம் முளைக்கீரை, மற்றதில் லெட்டூஸ் என்ற சாலட் கீரை வளர்த்துப் பாலக்காடு, கோவை ஓட்டல்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ரேக்கிலும் 4க்கு 2 அடித் தட்டு மூன்று. ஊதா வெளிச்சம் வருகிற ‘1000 வாட்’ எல்இடி குரோ லைட், அதாவது செடி வளர்க்கும் விளக்கு, 4 வேண்டும், ஒன்று 9,500 ரூபாய் என்கிறார் ஒரு வியாபாரி. மானியமும் வாங்கித் தருவாராம். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். இது சரிதானா? சாதாரண டியூப்லைட்டில் செடி வளராதா?

பதில்: வளரும், அம்மணி. கடைத்தெருவில் கிடைக்கும் 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்லைட்டிலேயே உங்கள் இரண்டு பயிரும் நன்றாக வளரும். எத்தனை, எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 1000 வாட்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதே பெட்டிக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் பேச்சை நம்பி அப்படி ஒரு பேனல் வாங்கினேன். மாட்டியதும் அறை முழுக்க ஊதா. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ஜன்னலைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன செடி வளர்க்கிறாய் என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். சிரித்துக்கொண்டு கீரைத் தட்டைக் காட்டினேன். பேனலை பிளக் வாட் மீட்டரில் சொருகிப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. 112 என்று காட்டியது. ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். உள்ளே 100 எல்இடி. ஒவ்வொன்றும் 10 வாட் தாங்கும் என்பது அதைச் செய்தவன் கணக்கு, ஆக 1000 வாட். ஓடுவதோ ஒவ்வொன்றும் ஒரு வாட்டுக்குப் பக்கத்தில். பின்னால் காகிதம் போல ஓர் அலுமினியத் தகடு, கரகரவென்று ஒரு சின்ன ஃபேன், எல்இடிக்கு ஏற்றபடி கரன்ட்டை மாற்றித் தரும் டிரைவர் ஒன்று, அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. எட்டாம் மாதம் ஃபேன் நின்றது, அடுத்த மாதம் பாதி எல்இடி கருகியது. விற்றவர் போனை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். உண்மையிலேயே 1000 வாட் என்றால் நாலும் சேர்ந்து 4000 வாட். ஒரு டன் ஏசி மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுகிற அளவு. உங்கள் பின்னறை வயரிங் அதைத் தாங்குமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அது 4000 வாட் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதன் பிபிஎஃப் எவ்வளவு? செடிக்கு உதவுகிற ஒளி ஒரு நொடிக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. மைக்ரோமோலில் சொல்வார்கள். அந்த எண்ணை உண்மையில் இழுக்கும் வாட்டால் வகுத்துப் பாருங்கள். 2.5, 2.8 என்று வந்தால் நல்ல குரோ லைட். சாதாரண டியூப்லைட்டுக்கு 1.4, 1.5 வரும். பிபிஎஃப் என்றால் என்ன என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஊதா நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலை பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் பச்சை வீண், சிவப்பும் நீலமும் போதும் என்பார்கள். பாதி உண்மை. பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது. வெள்ளை எல்இடிக்குள் இருப்பதும் நீலச் சில்லுதான், மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அதில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றித் தருகிறது. செடிக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு. தவிர, ஊதா வெளிச்சத்தில் இலை கருப்பாகத் தெரியும். மஞ்சளாகிற இலையையும் பூஞ்சை பிடித்த தட்டையும் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஓட்டலுக்குக் கொடுக்கிறவருக்கு அது போதும், ஊதா வேண்டாம் என்று சொல்ல.

சரி, உங்கள் கணக்கு. ஒரு தட்டு 8 சதுர அடி. மைக்ரோகிரீன்ஸ் தட்டுக்கு 20 வாட் டியூப்லைட் 3, லெட்டூஸ் தட்டுக்கு 6. பெட்டியில் 2000 லூமனுக்குக் குறையாமல் எழுதியிருக்க வேண்டும். வெள்ளையின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 4000 என்று கிடைத்தால் நல்லது, 6500 கெல்வின் கூல் டே லைட்தான் கடையில் இருக்கிறது என்றால் அதுவும் பரவாயில்லை. இலையிலிருந்து ஒரு அடி உயரத்தில், தட்டின் அகலம் முழுக்கப் பரவும்படி மாட்டுங்கள். ரேக்கின் பக்கங்களை வெள்ளை ஃபிளெக்ஸால் மறைத்துவிட்டால் வெளியே சிந்துகிற ஒளி திரும்பி வரும்.

ஆக மொத்தம் 27 டியூப்லைட், 540 வாட். ஒன்று 250 ரூபாய் என்று வைத்தால் 6,750. டைமர், வயர், எம்சிபி, கூலி எல்லாம் சேர்த்தாலும் வியாபாரி சொன்ன 38,000இல் பாதிக்குள் முடிந்துவிடும்.

மாட்டிய பிறகு லக்ஸ் மீட்டரால் அளந்து பாருங்கள், போனில் இருக்கும் ஆப் தோராயத்துக்கு உதவும். லெட்டூஸ் இலை மட்டத்தில் 12,000 முதல் 14,000 லக்ஸ், மைக்ரோகிரீன்ஸுக்கு அதில் பாதி. தட்டின் நடுவில் மட்டும் அளக்காதீர்கள். நடுவில் மீட்டரை வைத்துக் காட்டுவது விற்கிறவர்களின் வழக்கம், நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணை வைத்துப் போட்ட அளவு, ஆகவே வெள்ளை விளக்குக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும்.

இப்போது ஒரு விதிவிலக்கு. மைக்ரோகிரீன்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும், விதையைத் தூவி, மேலே கனம் வைத்து, இரண்டு மூன்று நாள் இருட்டில் மூடி வை என்பார்கள். முள்ளங்கி, சூரியகாந்தி, பட்டாணிக்கு அது சரி. லெட்டூஸ் விதையை அப்படி மூடாதீர்கள். பல ரக லெட்டூஸுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். இது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் ‘கிராண்ட் ரேப்பிட்ஸ்’ என்ற லெட்டூஸ் விதையை வைத்துத்தான் இதைக் கண்டார்கள். நனைத்த விதையின் மேல் சிவப்பு ஒளி கொஞ்ச நேரம் பட்டால் முளைக்கிறது. சிவப்புக்குப் பின் தொலைசிவப்பை, அதாவது சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளியைக் காட்டினால் முளைப்பதில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைக்கிறது. இப்படி மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாக எது பட்டதோ அதன்படிதான் விதை நடக்கிறது. ஆகவே லெட்டூஸ் விதையை ஈரமான கோகோபீட்டின் (தென்னைநார்த் தூள்) மேல் தூவி லேசாக அழுத்துங்கள், மேலே எதுவும் போட்டு மூட வேண்டாம், முதல் நாளிலிருந்தே டியூப்லைட்டின் கீழ் வையுங்கள். அப்புறம் சூடு. 30 டிகிரிக்கு மேல் போனால் வெளிச்சம் இருந்தும் விதை தூங்கிவிடும். விதைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் விதையைச் சூட்டிலோ இருட்டிலோ வைத்தவர்கள். பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும், முளைப்புத் தட்டை மட்டுமாவது வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வைத்து, ஒரு டியூப்லைட்டைப் போட்டுவிடுங்கள்.

சூடு என்றதும் நேரத்தையும் சொல்லிவிடலாம். விளக்கு இழுக்கிற 540 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் நிற்கும். லெட்டூஸுக்கு 16 மணி நேரம் போதும், அதை இரவு 10க்குப் போட்டு மறுநாள் மதியம் 2க்கு அணையுங்கள். வெயில் உச்சத்துக்கு ஏறும் பிற்பகலில் விளக்கு இருக்காது. கேரள மின்வாரியத்துக்கு மாலை 6 முதல் 10 வரை உச்ச நேரம், அதிலும் நீங்கள் சிக்கவில்லை. மைக்ரோகிரீன்ஸுக்கு 14 மணி நேரம், அதையும் இரவு 10க்கே தொடங்கலாம். கோடையில் சின்ன ஏசி இல்லாமல் லெட்டூஸ் கசக்கும், தண்டு விட்டுப் பூக்கப் பார்க்கும். அந்த இரண்டு மாதம் மைக்ரோகிரீன்ஸை மட்டும் போடுவது என் வழி.

கரன்ட் பில்லைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, கேட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி விளக்குகள் மட்டும் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 500 யூனிட். வீட்டு இணைப்பில் கேரளத்திலும் சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் சரி, அந்த 500தான் பொல்லாத எண், தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணச் சலுகையும் சேர்ந்து போய்விடும். உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதற்கு மேல்தான். மேலும் இது வியாபாரம், வீட்டு மீட்டரில் ஓட்டலாமா என்பது தனிக் கேள்வி. நான் தனி இணைப்பு கேட்டு ஒரு மின் அலுவலகத்துக்குப் போனபோது, அறைக்குள் விவசாயமா, அது கடைக் கணக்கு என்றார் ஒருவர். மாடியில் இருந்தவர், கீரைதானே, விவசாயம்தான், ஆனால் நிலத்தின் பத்திரம் கொண்டு வா என்றார். ரேக்குக்குப் பத்திரம் ஏது? மூன்று முறை அலைந்தேன். கீரை தட்டில் வளர்ந்தால் அது என்ன என்று தீர்மானிக்க ஒரு படிவம் கூடவா இருக்காது? நீங்கள் அலையாதீர்கள். எந்தக் கட்டணத்தில் சேர்ப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிய பின் விளக்கை மாட்டுங்கள்.

இனி மானியம். விளக்கு விற்கிறவரே மானியம் வாங்கித் தருகிறேன் என்றால், அந்த மானியத்தை அவர் ஏற்கெனவே விலையில் ஏற்றிவிட்டார் என்று பொருள். முதலில் வாங்கு, பில்லை வைத்துப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். பெரும்பாலான திட்டங்களில் அனுமதி கிடைத்த பிறகு வாங்கிய பொருளுக்குத்தான் பணம், முன்தேதி பில் குப்பைக்குத்தான். உங்கள் பஞ்சாயத்திலேயே கிருஷிபவன், அதாவது வேளாண் துறை அலுவலகம், இருக்கிறது. நேராகப் போய்க் கேளுங்கள், இப்போது திட்டம் உண்டா இல்லையா என்று அவர்களே சொல்வார்கள். நடுவில் ஆள் வேண்டாம். விளைந்ததை எல்லாம் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்கிற பேச்சும் இதே ரகம். வேலந்தாவளம் சந்தையில் காய் வாங்குகிறவர் கூட மூட்டையை இறக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார். விதைக்கும் முன்பே விலை சொல்கிறவரை எப்படி நம்புவது?

மின் பாதுகாப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், ஆனால் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு விளக்கையும் மாட்ட விடாதீர்கள். அங்கே தண்ணீர் தெளிப்பீர்கள், ரேக்கும் இரும்பு. ரேக்குக்கு ஒரு டைமர் என்று தனித்தனியாக வையுங்கள். தனி டிரைவர் வாங்கினால் அதன் மேல் பிஐஎஸ் தரக்குறியும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல குரோ லைட் பட்டையே வேண்டாமா என்றால், பிறகு. லெட்டூஸ் ஒரு வருடம் ஓடி, ஓட்டல்காரர் பாக்கி வைக்காமல் காசு கொடுக்கிறார் என்றான பின், அந்த மூன்று தட்டுக்கு மட்டும் மாற்றலாம். தட்டுக்கு 120 வாட் இழுத்த இடத்தில் 70 போதும். இப்போதைக்கு 27 டியூப்லைட்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரு தட்டுக்கு 3 மாட்டி முள்ளங்கி மைக்ரோகிரீன்ஸ் ஒரு சுற்று எடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் தெரிந்துவிடும்.

அந்த 5,000க்கு வருவோம். ஒரு பிளக் வாட் மீட்டரை வாங்கிக்கொண்டு, வீட்டில் யாராவது ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போங்கள். சண்டை வேண்டாம். “அண்ணா, இதில் சொருகி ஒரு நிமிஷம் போட்டுக் காட்டுங்க” என்று மட்டும் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் 1000க்குப் பக்கத்தில் மீட்டர் காட்டினால் பாக்கியைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். 110 காட்டினால் மீட்டரையும் பெட்டியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, முன்பணத்தைக் கேளுங்கள்.