பையை எப்போது எடுப்பார்கள்?

மலக்குடல் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகியும் அப்பாவின் ஸ்டோமாவை (மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் போட்ட திறப்பை) மூடவில்லை, டாக்டர் மறந்துவிட்டாரோ என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மறந்திருக்க மாட்டார். கீமோ இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். கீமோ தேவைப்படாதவர்களுக்கு 8 முதல் 12 வாரத்தில் மூடுவது வழக்கம். கீமோ நடந்தால் அது முடிந்து, ரத்த அணுக்கள் தேறிய சில வாரம் கழித்துத்தான் கை வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் தள்ளிப்போனது.

அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள்: உள்ளே குடலை இணைத்த இடம் கசிவில்லாமல் ஆறியிருக்கிறதா, அதற்கு மருந்து செலுத்தி எக்ஸ்ரேயோ, உள்ளே கேமரா விட்டு ஸ்கோப்பியோ எப்போது பார்ப்பார்கள்? அது சரியாக இல்லாமல் மூடினால் ஆபத்து.

அதுவரை கவனிக்க வேண்டியது நீர்ச்சத்து. சிறுகுடல் ஸ்டோமா என்றால் உப்பும் நீரும் வேகமாக வெளியேறும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள், உப்புப் போட்ட கஞ்சியும் நல்லது. மட்டிப்பழம் சாப்பிட்டால் பையில் வருவது கொஞ்சம் கெட்டியாகும். பை வழக்கத்தைவிட வேகமாக நிரம்பி, சிறுநீர் குறைந்து, தலைசுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று, மூடிய பிறகு சில மாதம் அடிக்கடி, அவசரமாக மலம் கழிக்கப் போக வேண்டியிருக்கும். அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.